பிள்ளை கண்டதும் பெரியவர் அறிந்ததும்

(தொண்டைமானாற்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறுவயதில் ஊரைவிட்டுப் போனவர்கள், வளர்ந்த பிறகு அதைப் பற்றி எழுதுவது. இதுதான் இன்றைய தலைப்பு. கேட்டவுடன் உங்களில் பலருக்கு ரொறன்ரோவும் லண்டனும் பாரிஸும் நினைவுக்கு வந்திருக்கும். நான் மயிலிட்டியிலிருந்து தொடங்குகிறேன். இங்கிருந்து மேற்கே பலாலியைத் தாண்டினால் மயிலிட்டி. சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். 1990 ஜூன் நடுப்பகுதியில் போரால் அந்த ஊர் முழுதாக வெளிக்கிட்டது. மீன்பிடித் துறைமுகத்தை இராணுவம் திரும்பக் கையளித்தது 2017 ஜூலை 3ஆம் திகதி. போகும்போது ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு, துறைமுகத்தை மறுபடி பார்க்கும்போது முப்பத்து மூன்று வயது. கடற்றொழில் செய்த குடும்பத்தின் பிள்ளை, மல்லாகத்துப் பக்கத்திலோ சுன்னாகத்துப் பக்கத்திலோ ஒரு நலன்புரி முகாமில், கடல் கண்ணில் படாத இடத்தில் வளர்ந்து ஆளாகி, அங்கேயே கல்யாணம் முடித்திருக்கும்.

கனடாவுக்குப் போன பிள்ளை காசு சேர்த்து விமானம் ஏறி ஒரு நாள் வந்து நிற்கலாம். மயிலிட்டிப் பிள்ளைக்கு அந்தச் சில கிலோமீற்றரைக் கடக்க 27 வருடம் வழி இருக்கவில்லை. ஆகவே, புலம்பெயர்ந்தவர்தான் இடப்பெயர்வை எழுதலாம், ஊரில் இருந்தவர்களுக்கு எழுத என்ன இருக்கிறது என்ற எண்ணத்தை இந்த மண்டபத்துக்கு வெளியே வைத்துவிட்டு என்னோடு வாருங்கள். நான் வெளியிலிருந்து வந்து பேசுகிறேன். பேசுவது இரண்டு பக்கத்தாருக்கும்.

போருக்கு முந்திய காலத்திலும் எங்கள் பிள்ளைகள் பெயர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து யாழ்ப்பாணத்தவர்கள் மலாயாவுக்கு ரயில்வே வேலைக்கும் அரசாங்க வேலைக்கும் போனார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளைப் படிப்புக்காக ஊருக்கு அனுப்பினார்கள். தந்தை செல்வா என்று நாம் சொல்கிற சா. ஜே. வே. செல்வநாயகம் பிறந்தது 1898இல், மலாயாவின் ஈப்போவில். நான்கு வயதில் தாயோடும் சகோதரர்களோடும் தெல்லிப்பழைக்கு வந்து சேர்ந்தார். ஈழத்தமிழ் அரசியலின் பெரிய தலைவர் ஒருவர், சிறுவயதில் கப்பல் ஏறி ஊர் மாறிய பிள்ளை. அந்தக் கப்பலில் அவர் என்ன கண்டார், தகப்பனைப் பிரிந்து ஒரு புதிய ஊரில் முதல் மாதம் எப்படிப் போனது என்று நமக்குத் தெரியாது. மலாயாப் பென்ஷன் காசில் எழும்பிய வீடுகள் யாழ்ப்பாணத்தில் இன்றும் நிற்கின்றன. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் எழுதிய எழுத்தைத் தேடினால் மிகக் கொஞ்சமே கையில் அகப்படும்.

இந்தக் கரைக்கும் அது பொருந்தும். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் அத்திலாந்திக் கடலைத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். கப்பலோட்டிய தண்டையல்மாரின் பயணத்தைச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். தகப்பன் மாதக்கணக்கில் கடலில் இருக்க, வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்குமாக மாறி மாறி வளர்ந்த பிள்ளைகளின் கதையை எவரும் கேட்கவில்லை. வருமானம் வந்த பெயர்வு என்பதால் அதைத் துயரம் என்று எண்ணவில்லை. எண்ணாதபடியால் எழுதவும் இல்லை.

போரோடு வந்த பெயர்வுக்கு வருகிறேன்.

இதைப் பற்றி எழுதும்போது நான் இரண்டு கொப்பி வைத்திருக்கிறேன். ஒன்றில் பிள்ளையாக இருந்தபோது கண்டது, கேட்டது, மணத்தது மட்டும். மற்றதில், வளர்ந்த பிறகு புத்தகத்திலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் அம்மாவின் வாயிலிருந்தும் தெரிந்துகொண்டது. ஒன்றில் எழுதவேண்டியதை மற்றதில் எழுதுவதில்லை. இன்று உங்களிடம் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இந்த வேலைமுறைதான். ஏன் என்று விளக்குகிறேன்.

1987 மே 26இல் வடமராட்சி மீது இராணுவத்தின் ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ தொடங்கியது. இந்தத் தொண்டைமானாற்று முகாமிலிருந்தும் படை வெளிக்கிட்டது. ஆட்களைக் கோயில்களில் போய் இருக்கச் சொன்னார்கள். அப்படி அடைக்கலம் புகுந்திருந்த அல்வாய் முத்துமாரியம்மன் கோயிலில் எறிகணை விழுந்து பொதுமக்கள் இறந்தார்கள். இளைஞர்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றித் தெற்கே பூசா முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் குடாநாட்டின் மேல் உணவுப்பொதி போட்டன. ஜூலை 29இல் இந்திய – இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. இதெல்லாம் இரண்டாவது கொப்பி.

முதல் கொப்பியில் இருப்பது வேறு. எனக்கு அப்போது எட்டு வயது. சோழகம் அடித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் சோறு பாதி வெந்திருக்க அம்மா பானையை இறக்கிவைத்தார். அதை ஏன் மூடவில்லை என்று எனக்குப் பெரிய கவலை. அப்பாவின் சைக்கிள் கரியரில் தையல் மெஷினைக் கட்டினார்கள், ஆகவே நான் நடக்கவேண்டியிருந்தது. அம்மம்மா வாசலில் நின்று வீட்டைப் பார்த்து ஏதோ சொன்னார். அது தேவாரம் என்று நினைக்கிறேன், சத்தமாகச் சொல்லவில்லை. ஒரு கோயில் மண்டபத்தில் நிறையப் பேர். யாரோ ஒரு அக்கா தன் பாயில் எனக்கு இடம் தந்தார், பவுடர் மணத்தது. பிறகொரு நாள் விமானம் இரைந்தது, எல்லோரும் குப்புற விழுந்தோம்.

அந்த விமானம் அரிசி கொண்டுவந்த இந்திய விமானமாகக்கூட இருக்கலாம் என்று பின்னால் வாசித்து அறிந்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு வானத்தில் இரைவதெல்லாம் பொம்பர்தான். நான் இதை எழுதும்போது, ‘உதவி விமானம் வந்தது’ என்று எழுதினால் வரலாறு சரியாக இருக்கும், பிள்ளை செத்துப்போகும். ‘பொம்பர் வந்தது’ என்று மட்டும் எழுதினால் பிள்ளை உயிரோடு இருக்கும், வாசிக்கிறவர்களுக்குப் பிழையான செய்தி போகும். இரண்டையும் எழுதவேண்டும். எது யார் அறிந்தது என்று வாசகருக்குத் தெரியவும் வேண்டும்.

சிறுவயதுப் பெயர்வை எழுதிய எழுத்துகளில் நான் கண்ட பெரிய பழுது, பெரியவரின் அறிவைப் பிள்ளையின் தலைக்குள் கொண்டுபோய் வைப்பது. ஏழு வயதுப் பிள்ளை ஒப்பந்தங்களைப் பற்றி யோசிக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை ஒழுங்கை முகப்பில் நின்று ‘இனி இந்த மண்ணைக் காண்பேனா’ என்று நினைக்கிறது. எந்தப் பிள்ளையும் அப்படி நினைத்திருக்காது. நாளைக்கு வீட்டுப்பாடம் செய்யத் தேவையில்லை என்று சந்தோஷப்பட்டிருக்கும். அந்தச் சந்தோஷத்தை எழுத நமக்கு வெட்கமாக இருக்கிறது. பெரியவர்கள் அழுதுகொண்டிருந்த நாளில் நமக்கு லான்ட்மாஸ்டரில் ஏறியது பிடித்திருந்தது என்று எப்படி எழுதுவது? எழுதத்தான் வேண்டும். அதை மறைத்தால் மற்ற எதையும் வாசகர் நம்பத் தேவையில்லை.

இந்த இரண்டு கொப்பி முறைக்கு உலக இலக்கியத்தில் எனக்குத் துணையாக இருக்கிறவர் ஜோர்ஜ் பெரெக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர். 1936இல் பாரிஸில் பிறந்த யூதப் பிள்ளை. தகப்பன் 1940இல் போரில் இறந்தார். தாய் அவரைப் பாரிஸின் ரயில் நிலையம் ஒன்றில் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுபோன பிள்ளைகளோடு ரயிலேற்றி மலைப்பகுதிக்கு அனுப்பினார். அதுதான் தாயைக் கடைசியாகக் கண்டது. அந்தத் தாய் 1943இல் ஔஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, திரும்பவில்லை. பெரெக் 1975இல் வெளியிட்ட புத்தகத்தில் அந்த ரயில் நிலையத்தை நினைவுகூர்கிறார்: தன் கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது, அம்மா ஒரு சார்லி சாப்ளின் படக்கதைப் புத்தகம் வாங்கித் தந்தார். பிறகு, தன் மாமியிடம் விசாரித்ததை எழுதுகிறார். கையில் கட்டே இருக்கவில்லை என்று மாமி உறுதியாகச் சொல்கிறார். போரில் இறந்தவரின் பிள்ளை என்ற உரிமையிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டார்களாம், காயத்துக்காக அல்ல.

இங்கே பெரெக் செய்ததைக் கவனியுங்கள். பிழை என்று தெரிந்ததும் அந்தக் கட்டை அவர் அழிக்கவில்லை. மாமியின் சொல்லையும் ஒளிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இல்லாத காயத்தை ஒரு பிள்ளை தன் கையில் ஏன் கட்டிக்கொண்டது? இந்தக் கேள்வி வாசகருக்குள் எழும்புகிறது. தாயைப் பிரிந்த வலியைப் பற்றி ஒரு வரி எழுதாமலே அந்த வலி வந்துவிடுகிறது. நினைவு பிழைத்த இடம்தான் அந்தப் புத்தகத்தின் உயிரான இடம். நம்மவர்கள், அம்மா ‘அப்படி நடக்கவில்லை’ என்று சொன்னவுடன் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். வெட்டாதீர்கள்.

இதற்கு மறுபக்கத்தில் நிற்கிறவர் இந்த நாட்டில் பிறந்த மைக்கல் ஒண்டாச்சி. 1954இல், பதினொரு வயதில், கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 2011இல் வெளியிட்ட ‘த கட்ஸ் ரேபிள்’ நாவலில் அதே வயதில், மைக்கல் என்ற அதே பெயரில் ஒரு பையன் கப்பலில் போகிறான். உண்மையான பயணத்தில் தனக்கு அதிகம் நினைவில்லை என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். புத்தகத்திலும் இது புனைவு என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். நினைவில்லாத இடத்தைக் கற்பனையால் நிரப்பலாம், ஆனால் நிரப்பியிருக்கிறேன் என்று சொல்லிவிடவேண்டும். நேர்மையான வழி அது. தன்வரலாறு என்று அட்டையில் போட்டு உள்ளே நாவல் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழில் முன்மாதிரி இல்லையா என்று கேட்பீர்கள். உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை மறுபடி எடுத்து இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். தகப்பனார் சங்கீத வித்துவான். ஆதரிப்பவர் இருக்கும் ஊருக்குக் குடும்பம் போகும், ஆதரவு குறைந்தால் வேறு ஊர். உத்தமதானபுரம், அரியலூர், குன்னம் என்று பிள்ளை இடம் மாறிக்கொண்டே வளர்ந்தது. அதை அவர் தம் எண்பதுகளில் எழுதினார். யார் வீட்டில் இருந்தோம், யாரிடம் பாடம் கேட்டோம், என்ன சாப்பிட்டோம் என்று ஒவ்வொன்றையும் ஊர் பெயரோடு சொல்கிறார். தம்மைப் பார்த்து இரங்கச் சொல்லவில்லை. அந்த நிதானம் நமக்கு வேண்டும்.

இனி நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்கிறேன். இதைப் பற்றி யாரும் விரிவாகப் பேசி நான் கேட்கவில்லை, ஆகவே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

வெளிநாடு போன பிள்ளை தன் பெயர்வைப் பற்றிக் கேட்ட முதல் கதை, அகதி விண்ணப்பக் கதை. நம்மாட்கள் அதைக் ‘கேஸ்’ என்பார்கள். ‘கேஸ் எழுதினீங்களா, யார் எழுதினது, கேஸ் என்ன மாதிரிப் போகுது’ என்று அந்தக் காலத்தில் வீடுகளில் வேறு பேச்சே இருக்காது. கேஸுக்கு ஒரு அமைப்பு உண்டு. திகதி ஒழுங்காக வரவேண்டும். இந்தத் திகதி வீடு உடைந்தது, இந்தத் திகதி தம்பியைப் பிடித்தார்கள், இந்தத் திகதி கொழும்புக்கு வந்தோம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காரணம் இருக்கவேண்டும். எல்லாம் பயத்தை நோக்கிப் போகவேண்டும். சிரித்த நாள், விளையாடிய நாள், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாள் கேஸுக்குள் வராது. வந்தால் ‘அப்படியானால் அங்கே இருக்கலாம்தானே’ என்று கேட்பார்கள். அப்பாவும் அம்மாவும் இரவில் குசினி மேசையில் இருந்து அதைப் பாடமாக்கினார்கள். திகதி ஒன்று மாறிப்போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பக்கத்து அறையில் நித்திரை வராமல் படுத்திருந்த பிள்ளையும் பாடமாக்கியது.

1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். கப்பல் அவர்களைக் கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. இந்தியாவிலிருந்து வந்தோம் என்றுதான் முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்டது பின்னால் வெளிவந்தது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எந்தக் கதைக்குக் கதவு திறக்கும் என்று யோசிப்பார்கள். என் கவலை அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளையைப் பற்றியது. அந்தப் பிள்ளை முப்பது வயதில் பேனாவை எடுக்கும்போது முதலில் வந்து விழுவது கேஸின் நடை. திகதி வரிசை, காரணம், பயம், தஞ்சம். உண்மையில் நடந்த ஒன்று, அதிகாரிக்குச் சொன்ன அமைப்பிலேயே மறுபடி வருகிறது. வெளிநாட்டுப் பதிப்பாளர்களும் அந்த அமைப்பையே எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கேஸில் இடம் கிடைக்காமல் போனவற்றிலிருந்து எழுதத் தொடங்குங்கள் என்று இளையவர்களுக்குச் சொல்வேன். கொழும்பு லொட்ஜில் எத்தனையோ நாள் காத்திருந்தபோது விளையாடிய கரம் போர்ட். ஏஜென்சிக்காரர் வாங்கித் தந்த ஐஸ்கிரீம். ‘இவரை அப்பா என்று கூப்பிடு’ என்று காட்டிய ஆளின் கை. விமான நிலையத்தில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைக்கு அப்போது பயமா, பெருமையா? அது எந்தப் படிவத்திலும் எழுதப்படவில்லை.

போய்ச் சேர்ந்த இடத்தில் பிள்ளைக்கு இன்னொரு வேலை வந்தது. மொழி முதலில் பிடிபட்டது பிள்ளைக்குத்தான். ஆகவே வங்கியில், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில் பெற்றோருக்கு மொழிபெயர்த்தது பிள்ளை. தாயின் வருத்தத்தை டொக்டரிடம் பத்து வயதில் சொன்ன பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தாய் பிள்ளையிடம் சொல்லக் கூச்சப்படுவதையும், டொக்டர் சொன்னதில் பாதியை இந்தப் பிள்ளை விழுங்கிவிட்டு ‘ஒன்றுமில்லையாம் அம்மா’ என்று சொன்னதையும் நான் அறிவேன். தாயைக் காப்பாற்றச் சொன்ன அந்தப் பொய்யை எழுதவேண்டுமானால், தாய் உயிரோடிருக்கும்போது எழுதலாமா? என்னிடம் இதற்குத் தீர்ப்பு இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள் என்பது என் பழக்கம். மறுத்த இடங்களும் உண்டு, அவற்றை எழுதவில்லை.

1984இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, குழந்தையாகவே ஜேர்மனிக்குப் போன செந்தூரன் வரதராஜா ஜேர்மன் மொழியில் எழுதுகிறார். 2016இல் வந்த அவருடைய முதல் நாவலில் இரண்டு பேர் ஒருவரையொருவர் சந்திக்காமலே பேஸ்புக்கில் செய்தி எழுதிக்கொள்கிறார்கள். ஒருவர் தமிழ் அகதிக் குடும்பத்துப் பிள்ளை, மற்றவர் கொசோவோவிலிருந்து வந்த அகதிக் குடும்பத்துப் பெண். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு பெரிய உண்மை தெரிகிறது. நம் பிள்ளையின் கதையை மற்றொரு நாட்டிலிருந்து பெயர்ந்த பிள்ளை உடனே விளங்கிக்கொள்கிறது, ஊரில் இருக்கிற மச்சாளுக்கோ பக்கத்து வீட்டு ஜேர்மன்காரருக்கோ விளக்கவேண்டியிருக்கிறது. இந்த எழுத்துகள் தமிழுக்கு வரவேண்டும். நம்மைப் பற்றி நம் பிள்ளைகள் பிறமொழியில் என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாமல் இருக்கிறோம்.

இந்த ஊருக்குத் திரும்புகிறேன். தொண்டைமானாற்றில் பிறந்த குந்தவை அவர்கள் 1995இன் பெரும் இடப்பெயர்வைப் ‘பெயர்வு’ என்ற சிறுகதையாக எழுதினார். ‘யோகம் இருக்கிறது’ என்ற தொகுதி 2002இல் வந்தது. வாசிக்காதவர்கள் வாசிக்கவேண்டும். வளர்ந்த ஒருவர் கண்ட பெயர்வு அது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்ட லட்சக்கணக்கானோரில் மூன்றில் ஒருவராவது பிள்ளையாக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்தக் கூட்டத்தில், பெரியவர்களின் முழங்காலையும் உரப்பையையும் தவிர வேறொன்றையும் காணமுடியாத உயரத்தில் நடந்தவர்கள். வடமராட்சியிலும் பள்ளிக்கூடங்களும் சந்நிதிக் கோயில் பக்கத்து மடங்களும் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தன. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயதைச் சுற்றி இருக்கும். குந்தவையின் கதைக்குப் பக்கத்தில் வைக்க அந்த உயரத்திலிருந்து எழுதிய கதைகள் வேண்டும்.

ஒக்ரோபர் 30 என்ற அந்தத் திகதியில் கொஞ்சம் நிற்கவேண்டும். 1964 ஒக்ரோபர் 30இல்தான் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்று இரண்டு அரசுகளும் அந்த மக்களைக் கேட்காமலே பங்கிட்டுக்கொண்டன. லயத்தில் பிறந்த பிள்ளைகள், காணாத ஒரு நாட்டுக்குத் ‘திரும்பி’ப் போனார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. கொழுந்து பறித்த கை மறுபடி கொழுந்து பறித்தது.

1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். நகையும் காசும் பறிக்கப்பட்டன. வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் துரத்தப்பட்டார்கள், பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து அதே திகதியில் நாங்கள் வெளிக்கிட்டோம். இதைத் தெய்வத்தின் கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். அந்த வெளியேற்றத்துக்கும் பிள்ளைகள் சாட்சி என்றுதான் சொல்வேன். சோனகத்தெருவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அடுத்த நாள் வாங்கு வெறுமையாக இருந்ததைத் தமிழ்ப் பிள்ளைகள் கண்டார்கள். ‘எங்கே போனாங்கள்’ என்று கேட்டதற்கு வீட்டில் ‘பேசாமல் இரு’ என்று சொன்னார்கள். சிறுவயதுப் பெயர்வை எழுத வருகிற தமிழர், தான் போனதை மட்டும் எழுதி, தன் வாங்கில் இருந்தவர் போனதை விட்டுவிட்டால் அந்த எழுத்து அரைகுறை. புத்தளத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள் பக்கத்தை எழுதுகிறார்கள். நாம் கண்டதை நாம்தான் எழுதமுடியும்.

ஊர் நினைவு மலர்கள் பற்றி ஒரு வார்த்தை. ஆறு, சந்நிதித் தேர், பாலத்தடியில் றால் பிடித்தது, பனங்காய்ப் பணியாரம். இவை எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரே மலரில் முப்பது பேர் இதையே எழுதும்போது ஊரின் முகம் தெரியாமல் போகிறது. ஆற்றை எழுதுங்கள், அந்தத் தடுப்பணையையும் எழுதுங்கள். கடல்நீர் உள்ளே வராமல் மறித்து, நீரேரியை நன்னீராக்கி, குடாநாட்டுக் கிணறுகளின் உவரைக் குறைக்கலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் போன்றவர்கள் கனவு கண்ட திட்டத்தின் ஒரு துண்டு அது. நாம் றால் பிடித்தது ஒரு பெரிய யோசனையின் மேல் நின்று. எண்பதுகளில் அந்தப் பாலத்தடியில் என்ன நடந்தது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வளலாய்க்கு ஆட்கள் 2015 வரை ஏன் போகமுடியவில்லை என்பதும் அதே இடத்தின் கதை.

கடைசியாக, மாணவர்களுக்கு. சான்றுகளை அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பிளாஸ்ரிக் உறை இருக்கும், ஓடிய நேரமெல்லாம் அம்மா முதலில் எடுத்தது அதைத்தான். குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, நிவாரண அட்டை, பள்ளிக்கூட விடுகைப் பத்திரங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்தாறு விடுகைப் பத்திரம் இருந்தால் அது ஒரு வாழ்க்கை வரலாறு. எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தத் திகதியில் சேர்ந்தது, எப்போது விலகியது, காரணம் என்ன என்று அதிலேயே எழுதியிருக்கும். ‘இடப்பெயர்வு’ என்று அதிபர் தன் கையெழுத்தில் எழுதியிருப்பார். அதை ஒளிப்படம் எடுத்து வையுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களை எரியக் கொடுத்த நாம் கடதாசியின் பெறுமதியை யாரிடமும் கேட்டு அறியவேண்டியதில்லை. 2005இலிருந்து நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. பழைய பத்திரிகையில் அந்த நாளைத் தேடிப் பாருங்கள். ‘முறிந்த பனை’ போன்ற நூல்களைப் பாருங்கள். அது உங்கள் இரண்டாவது கொப்பி.

அந்தக் கொப்பிக்கு வீட்டில் இருக்கிறவர்களையும் கேளுங்கள். ‘என்ன நடந்தது’ என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதிலைத்தான் சொல்வார்கள். ‘வெளிக்கிடும்போது காலில் செருப்பு இருந்ததா, அன்று இரவு என்ன சாப்பிட்டீர்கள், நாயை யார் அவிழ்த்துவிட்டது’ என்று கேளுங்கள். எழுபது வயது ஆச்சி, தான் இதுவரை ஒருவருக்கும் சொல்லாததைச் சொல்லத் தொடங்குவார். இந்த ஊரின் வெளிக்கள நிலையம் நடத்திய பரீட்சைகளை, போர்க்காலம் முழுவதும் வடக்கின் பிள்ளைகள் எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். கேள்வித்தாள் தயாரிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். இதற்கும் ஒரு நல்ல கேள்வித்தாள் தயாரித்து ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்தனுப்புமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

பின்வரிசையில் 1995 இடப்பெயர்வின்போது தென்மராட்சியில் பிள்ளையாக இருந்த இரண்டு மூன்று பேர் இருப்பதாக நிகழ்ச்சி தொடங்கு முன் சொன்னார்கள். கேள்வி நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். ஒலிவாங்கி அங்கே வரும்.